முதலில் துடித்த விரல்

எனக்கு வலிப்பு நோய். ஆனால் வலிப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அது வந்த ஒவ்வொரு தடவையும் ஊரே பார்த்திருக்கிறது. நான் ஒருத்திதான் பார்த்ததில்லை. விழுவதும் தெரியாது, துடிப்பதும் தெரியாது. கண் விழித்தால் தலையைச் சுற்றி முகங்கள் இருக்கும், எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். ஆகவே நான் இங்கே எழுதுவதில் பாதி பிறர் சொல்லக் கேட்டது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சரின் தம்பிக்கு இப்போது இதே நோய் கண்டிருக்கிறது. “ஆஸ்பத்திரியில என்னதான் பண்ணுவாங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க” என்று கேட்டார். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு நடுவில் ரேஷன் அரிசிக்குப் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குடியிருப்பது மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள். என் வீட்டுக்காரருக்குத் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அவருடைய தங்கை தனமும் எங்களோடு இருக்கிறாள். யுத்தம் முடிந்தும், எதற்கும் வரிசையில் நிற்பது இன்னும் ஓயாத காலத்தில் இது நடந்தது.

முதல் தடவை வகுப்பில் வந்தது. கரும்பலகையில் வட்டிக்கணக்கு போட்டுக்கொண்டிருந்தேனாம். பாதிக் கணக்கில் சாக்பீஸ் கீழே விழுந்ததாம். பிறகு நானும் விழுந்தேனாம். பிள்ளைகள் அலறியதில் வாட்ச்மேன் ஓடி வந்து, பள்ளிக்கூடத்தின் அத்தனை அறைச் சாவியும் கோத்த வளையத்தை என் வலது கையில் வைத்து விரல்களை மூடி அழுத்திப் பிடித்திருக்கிறார். நான் கண் விழித்தபோது கையில் அந்தக் கொத்து இருந்தது. எதற்கு என்று புரியவில்லை.

தலைமை ஆசிரியை என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் புத்தி தெளிந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக, “ஏழெட்டு எவ்வளவும்மா?” என்று கேட்டார். கேள்வி காதில் விழுந்தது. விடை தெரியவில்லை. ஆனால் வாய் தானாக “ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு” என்று கிளம்பிவிட்டது. ஏழெட்டு ஐம்பத்தாறையும் தாண்டி, பத்தெட்டு எண்பது வரை போய் நின்றது. கேட்ட விடையை நானே சொல்லிவிட்டேன் என்பது எனக்குத் தெரியவில்லை. “தெரியலையே” என்று சொல்லி அழுதேனாம். கணக்கு டீச்சருக்கு இதைவிட ஒரு அவமானம் வேண்டுமா? பிள்ளைகள் அன்றைக்குச் சிரிக்கவில்லை என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

அதன்பின் வீட்டில் வந்தது, கடைத்தெருவில் வந்தது, மறுபடி பள்ளிக்கூடத்தில் வந்தது. மாதம் ஒன்று என்றிருந்தது வாரம் ஒன்று என்றானது. எங்கே வந்தாலும் யாராவது ஒருவரிடம் சாவி இருக்கும், கொண்டு வந்து கையில் வைப்பார்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது நம் ஊரில் சொல்லிக் கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். வீட்டில் அந்த வேலை தனத்துடையது. அவள் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். எந்தச் சத்தம் கேட்டாலும் முதல் ஆளாக ஓடி வந்து என் வலது கையைப் பிரித்துச் சாவியைத் திணித்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பாள். பக்கத்து வீட்டு ஆண்கள் இருந்தால் அவர்களும் சேர்ந்து பிடிப்பார்கள்.

கொஞ்ச நாளில் என் வலது கை சோர்ந்து போனது. சாக்பீஸ் நழுவியது. வட்டம் போட்டால் பூசணிக்காய் மாதிரி வந்தது. எங்கள் தெரு டாக்டர் கொடுத்த உப்புக்கரிக்கும் மருந்தால் முகத்தில் பரு வந்ததே தவிர வேறு பலன் இல்லை. கை சோர்வைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, இனிமே என் கையில இல்ல” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் செய்ய வேண்டியது காத்திருப்பது. மருந்து வாடைக்கும் ஈரத் துணி வாடைக்கும் நடுவே நீளமான பெஞ்சுகள். காலையில் போய் உட்கார்ந்தால் பெயரைக் கூப்பிடும்போது சாயங்காலம் ஆகிவிடும். என் வீட்டுக்காரர் கடைக்கு லீவு போட்டு உடன் வந்தார். அவருக்குப் பயம் வந்தால் கையில் கிடைக்கும் துணியை மடிப்பார். ஜவுளிக்கடைப் பழக்கம். அன்றைக்குத் தன் மேல்துண்டை மடித்துப் பிரித்து, பிரித்து மடித்து, அது இஸ்திரி போட்டதுபோல் ஆகிவிட்டது. “பயமா இருக்கா?” என்று கேட்டேன். “எனக்கென்ன பயம்?” என்று சொல்லிவிட்டு என் கைக்குட்டையை வாங்கி மடித்தார்.

பெண்கள் வார்டில் கட்டில் கிடைத்தது. துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்றார்கள், தனம் இருந்தாள். வார்டு ஆயா பெயர் அஞ்சலை. அடுத்த கட்டிலில் ராயப்பேட்டையைச் சேர்ந்த கதிஜாம்மா, தொப்பி தைத்து விற்கும் குடும்பம், காலில் ஆறாத புண். வந்த அன்றே எனக்கு என்ன நோய் என்று விசாரித்து, தன் வீட்டிலிருந்து வந்த பேரீச்சம்பழத்தில் பாதியை என் கட்டிலில் வைத்துவிட்டார்.

சோதனைகளைச் சொல்கிறேன், அந்தத் தம்பிக்கு உபயோகமாக இருக்கும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ஒரு சின்ன விளக்கால் உள்ளே பார்த்தார்கள். மண்டைக்குள் கட்டி வளர்ந்து அழுத்தினால் கண்ணின் பின்பக்கத்தில் நரம்பு நுழையும் இடம் வீங்குமாம். வலி இல்லை, ஆனால் அன்று முழுவதும் எழுத்து கலங்கலாகத் தெரியும். முதுகுத் தண்டின் அடிப்பக்கத்தில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். குத்தும்போது முழங்காலை வயிற்றோடு சேர்த்து நத்தை மாதிரி சுருண்டு படுக்க வேண்டும். குத்தலைவிட மறுநாள் தலைவலிதான் பெரிது. தலையணை இல்லாமல் மல்லாந்து கிடந்தால் தேவலை. மண்டையை எக்ஸ்ரே எடுத்தார்கள். மேஜை சில்லென்றிருக்கும், அவ்வளவுதான்.

பெரிய டாக்டர் யுத்தத்தின்போது பர்மா எல்லையில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர். தலையில் குண்டுத் துணுக்கு பாய்ந்த சிப்பாய்களை நிறையப் பார்த்தவர் என்று நர்ஸ் சொன்னாள். அதிகம் பேசமாட்டார், பேசினால் நம் முகத்தைப் பார்த்துப் பேசுவார். தன் இரண்டு விரலை நீட்டி, “அழுத்திப் பிடிங்க டீச்சர்” என்றார். இடது கை பிடித்தது. வலது கை பிடித்தது எனக்கே ஒரு பிடியாகத் தோன்றவில்லை. என் வலது காதுக்கு மேலே முடிக்குள் ஒரு பழைய தழும்பு இருக்கிறது, சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டது. அதையும் தடவிப் பார்த்தார். பிறகு வெளிப்படையாகச் சொன்னார்.

“மூளையோட இடது பக்கம்தான் உடம்போட வலது பக்கத்தை ஆட்டி வைக்குது. உங்க வலது கை சோர்ந்திருக்கு. அப்போ இடது பக்கத்துல கை இருக்கிற இடத்துல ஒரு கட்டி அழுத்துதோன்னு சந்தேகம். கண்ணுல வீக்கம் இல்ல, ஆனா அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. கட்டின்னா மண்டையைத் திறந்து எடுக்கணும்.”

“திறந்தா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“அந்த இடத்துக்குப் பக்கத்துலதான் பேச்சு இருக்கு. பிழைச்சாலும் பேச்சு போகலாம். இங்க இந்த ஆபரேஷன் அபூர்வமாத்தான் செய்யறோம். நான் மறைக்க விரும்பல.”

என் வீட்டுக்காரர் என் போர்வையின் ஓரத்தை மடிக்க ஆரம்பித்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. செத்துப் போவதைவிட, பேச்சில்லாமல் கரும்பலகை முன்னால் நிற்பதுதான் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

டாக்டர் அதோடு விடவில்லை. “வலிப்பு வரும்போது முதல்ல எது துடிக்குது? எந்தப் பக்கம்? எந்த விரல்?” என்றார்.

“வலது கை டாக்டர்” என்றார் என் வீட்டுக்காரர்.

“இல்ல டாக்டர், ஒடம்பு மொத்தமும் ஒரே சமயத்துல” என்றாள் தனம்.

“பள்ளிக்கூடத்துல வாய்தான் முதல்ல கோணுச்சுன்னு சொன்னாங்க” என்றேன் நான்.

ஒரு கணக்குக்கு மூன்று பேர் மூன்று விடை சொன்னால் எனக்குக் கோபம் வரும். டாக்டருக்கும் வந்தது என்று நினைக்கிறேன். “ஆரம்பிச்ச அந்த நிமிஷம் நீங்க எங்க இருந்தீங்க?” என்று தனத்தைக் கேட்டார்.

“சாவியப் பிரிச்சுக்கிட்டு இருப்பேன் டாக்டர். இல்லாட்டி கைய விரிச்சுக்கிட்டு இருப்பேன்.”

“எந்தக் கையை?”

“வலது கைதான். எடது கையில குடுப்பாங்களா யாராவது?”

டாக்டர் என் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே சதையில் சாவிகளின் பல் பதிந்த தடம் பழுப்பாக இருந்தது. அங்கே விரலால் அழுத்தினார். நான் கத்திவிட்டேன். “இந்தக் கை கட்டியால சோர்ந்துதா, இல்ல ஆளாளுக்குச் சாவிய வெச்சு அழுத்தினதால நரம்பு நசுங்கிச் சோர்ந்துதா, எனக்குத் தெரியல. சர்ஜன் வெள்ளிக்கிழமைக்கு நாள் குறிச்சிருக்கார். அதுக்குள்ள ஒரு வலிப்பையாவது யாராவது ஆரம்பத்துலேருந்து சும்மா பாக்கணும். கையில எதையும் குடுக்கக்கூடாது. தொடக்கூடாது. கட்டில்லேருந்து விழாம பாத்துக்கிட்டாப் போதும்” என்றார். வெளிநாட்டில் தலைமேல் கம்பி ஒட்டி மூளையின் மின்சாரத்தைக் காகிதத்தில் வரையும் கருவி இருக்கிறதாம். இங்கே அது இல்லாததால் மனுஷர் கண்தான் கருவி.

வலிப்பு வரட்டும் என்று தெரு டாக்டரின் மருந்தை நிறுத்தினார்கள். வராதே வராதே என்று கும்பிட்ட ஒன்றை இப்போது எப்போது வரும் என்று எதிர்பார்த்துப் படுத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பார்க்க வரும் நேரமெல்லாம், “வந்துதா?” என்று கேட்பார், யாரோ உறவுக்காரர் ரயிலில் வருவதுபோல். வீட்டிலிருந்து கூஜாவில் மோர் கொண்டு வருவார். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிவாயுவில் ஓடிய பஸ் குலுக்கிய குலுக்கலில் பாதி மோர் அவர் வேட்டியில் இருக்கும். மீதியை நான் குடிப்பேன். ஆபரேஷன் பற்றிப் பேசமாட்டார். கடையில் புதிதாக வந்த சீட்டித்துணி பற்றிப் பேசுவார்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் டாக்டரிடம், ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டதற்கு வாய் தானாக வாய்ப்பாடு ஒப்பித்ததைச் சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூளையில் கைக்கு ஓர் இடம், முகத்துக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம், கேட்பதற்கு, பேசுவதற்கு, ஞாபகத்துக்கு என்று தனித்தனி இடங்கள். அவை ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதால்தான் நாம் ஒரு கேள்வியைக் கேட்டு விடை சொல்கிறோம் என்றார். வலிப்பில் அந்தப் பேச்சு கெடுகிறது.

“அப்போ ஒண்ணு சொல்றத இன்னொண்ணு கேக்காம, எல்லாம் குழம்பிப் போயிடுமா?” என்றேன்.

“அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறாங்க. உங்க கிளாஸ்ல பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பிப்பாங்களே, அப்ப நீங்க ஒரு பிள்ளையைத் தனியாக் கேள்வி கேக்க முடியுமா?”

முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். நாலு பெஞ்சில் நாலு விதமாகக் குசுகுசுவென்று பேசினால்கூட நடுவில் பாடம் நடத்தலாம். ஆனால் ஒரு பெஞ்ச் உரக்க ஓரெட்டு எட்டு என்று ஆரம்பித்து, பக்கத்து பெஞ்ச் பிடித்துக்கொண்டு, வகுப்பே ஒரே குரலாகிவிட்டால் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. வலிப்பு என்பது அதுதான் என்றார். மூளையில் ஓர் இடம் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்துகிறது. அக்கம்பக்கத்து இடங்கள் அதோடு சேர்ந்துகொள்கின்றன. இரண்டு பாதிக்கும் நடுவில் தடித்த நரம்புக் கற்றை ஒன்று பாலம்போல் இருக்கிறது. அதன் வழியாக அந்தப் பக்கமும் போய்விடுகிறது. மொத்தமும் ஒரே குரலானதும் நினைவு போகிறது. கத்தி ஓய்ந்தபின் எல்லா இடமும் களைத்துக் கிடக்கிறது. அவை ஒன்றோடொன்று மறுபடி பேச ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அன்றைக்கு என் வாய்ப்பாடு இருக்கும் இடம் முதலில் விழித்துக்கொண்டது, கேள்வியைப் புரிந்துகொள்ளும் இடத்தோடு அதற்கு இன்னும் தொடர்பு வரவில்லை.

“சீமையில அந்தப் பாலத்தையே வெட்டிப் பாத்திருக்காங்க” என்றார்.

“எனக்கு வேண்டாம்” என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அதனாலதான் எந்த பெஞ்சுல ஆரம்பிக்குதுன்னு கேக்கறேன். வகுப்பே கத்த ஆரம்பிச்சப்புறம் வந்து பாத்தா யாருக்குத் தெரியும்?”

ஆஸ்பத்திரியில் முதல் வலிப்பு மறுநாள் காலையிலேயே வந்தது. தனம் கூஜாவில் வெந்நீர் பிடிக்கப் போயிருந்தாள். வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த அஞ்சலை துடைப்பத்தைப் போட்டுவிட்டு, இடுப்பில் இருந்த தன் வீட்டுச் சாவியை உருவி என் கையில் வைத்து, மேலே தன் முழங்காலையும் வைத்துவிட்டாள். தனம் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் வந்து அஞ்சலையைக் கேட்டார். அவள் அசரவில்லை.

“என்னிய திட்டுங்க டாக்டரு, வேலைய வுட்டே எடுங்க. கண்ணெதிர்ல ஒரு பொம்பள துடிச்சிக்கினு கீது, என் இடுப்புல சாவி கீது. நான் இன்னா பண்ண? இன்னிக்கி இரும்பு குடுக்காதன்றீங்க, நாளிக்கி சோறு குடுக்காதன்னுவீங்க.”

திட்டிப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டருக்கும் தெரிந்தது. அவர் தனத்தைக் கூப்பிட்டார். “எந்நேரமும் இவங்க பக்கத்துல இருக்கிற ஆள் நீங்கதான். நீங்க பாருங்க. யாரையும் கிட்ட விடாதீங்க. அந்தச் சாவியை நர்ஸ்கிட்ட குடுத்துடுங்க” என்றார்.

அவர் என்ன கேட்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தனத்துக்கு ஒரு பிள்ளை இருந்தான். இரண்டு வயதில் கடுமையான ஜுரத்தில் வலிப்பு வந்தது. அவள் மாமியார் பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார். தனம் வீடெல்லாம் இரும்பு தேடினாள். ஏதோ ஒரு பழைய ஆணியைக் கண்டெடுத்துக்கொண்டு வந்தபோது பிள்ளை போய்விட்டிருந்தான். “பெத்த பிள்ளை கையில ஒரு இரும்பைக் குடுக்கத் துப்பில்லாதவ” என்று புகுந்த வீட்டில் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் இடுப்பில் தொங்கும் அந்தச் சாவிகள் எந்தப் பூட்டுக்கும் உரியவை அல்ல. பழைய சாமான் கடையில் வாங்கிக் கோத்தவை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வற்புறுத்தவில்லை. “முடியலைன்னா சொல்லிடு தனம், அவர் வேற யாரையாவது வைப்பார்” என்றேன். வேறு யாரும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கொத்தை அவிழ்த்து நர்ஸிடம் கொடுத்தாள். அன்று முழுவதும் அவள் கை அடிக்கடி இடுப்புக்குப் போய் வெறுமனே திரும்பியது. சாப்பாட்டுக்குக்கூட என்னைவிட்டு நகரவில்லை. கதிஜாம்மா வீட்டிலிருந்து வந்த சோற்றில் அவளுக்கும் ஒரு பங்கு வைத்தார்கள்.

நாவிதர் வியாழக்கிழமை வருவதாக இருந்தது, என் தலையை மழிக்க. புதன்கிழமை மத்தியானம் வலிப்பு வந்தது.

நடந்ததைப் பிறகு கதிஜாம்மாதான் எனக்கு முதலில் சொன்னார், அதுவும் கோபத்தோடு. நான் துடிக்க ஆரம்பித்ததும் தனம் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டாளாம். கதிஜாம்மாவுக்குத் தாங்கவில்லை. “கல்லு மனசா உனுக்கு? பொம்பள துடிச்சிக்கினு இருக்கா, நீ குந்திக்கினு வேடிக்க பாக்கிறியா? யா அல்லா, யாராச்சும் ஒரு சாவி குடுங்களேன்!” என்று கூப்பாடு போட்டிருக்கிறார். நாலு கட்டிலிலிருந்து சாவிகள் நீண்டன. அஞ்சலை கிட்டே வந்தாள். தனம் அவளைப் பார்க்காமலே, “கிட்ட வந்தே, கடிச்சுடுவேன்” என்றாளாம். அஞ்சலை இதைப் பின்னால் வார்டு முழுவதும் சொல்லிச் சிரித்தாள்.

நான் தெளிந்தபோது தனத்தின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இரண்டு கையும் தொடைக்கு அடியில் இருந்தன. எடுக்க முடியாமல் மரத்துப் போயிருந்தன. “மேல ஒக்காந்துக்கிட்டேன் அண்ணி, இல்லாட்டி அது தானா போயிடும்” என்றாள். டாக்டர் வந்ததும் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

“மொதல்ல எடது கட்டைவெரல். அது உள்ளங்கைக்குள்ள மடங்கி மடங்கி வந்துச்சு. அண்ணி அப்ப முழிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க, கூப்ட்டா பதில் இல்ல. அப்பறம் மத்த வெரலு. மணிக்கட்டு. முழங்கை. எடது வாயோரம் இழுத்துச்சு. கண்ணும் தலையும் எடது பக்கம் திரும்பிச்சு. அதுக்கப்பறம்தான் ரெண்டு பக்கமும்.”

“வலது கை?”

“அது சும்மா கெடந்துச்சு டாக்டர். கடைசியிலதான் ஆடிச்சு.”

“நிச்சயமா?”

“கண்ண மூடினாலும் அதுதான் தெரியுது. இன்னும் எத்தன தடவ சொல்லணும்?”

டாக்டர் அவளை மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். விடை மாறவில்லை. இடது கை என்றால் மூளையின் வலது பக்கம். தழும்பு இருந்ததும் வலது பக்கம். படிக்கட்டில் உருண்ட அன்றைக்கு உள்ளேயும் ஒரு காயம் பட்டு, ஆறி, வடுவாக இருக்கிறது. கத்த ஆரம்பிக்கும் பெஞ்ச் அதுதான் என்றார். வலது கையை மறுபடி நீட்டச் சொன்னார். யாரும் அடிக்கடி சாவி திணிக்காததால் அது அதற்குள்ளேயே சற்றுத் தேறியிருந்தது. அவர் விரலை நான் பிடித்த இறுக்கத்தில் அவர் முகம் சுளித்தார். இடது பக்கத்தில் கட்டி என்று சந்தேகப்பட வைத்த ஒரே அடையாளம் அந்தக் கைதான். அதுவும் எங்கள் எல்லோருடைய அன்பினால் வந்தது.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் இல்லை. நாவிதரும் வரவில்லை. சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அவர் கையிலிருந்த துண்டை மடிக்காமல் முகத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தினமும் சாப்பிடுகிறேன். தூக்கம் வரும், அதற்குப் பழகிக்கொள்ளலாம். வலிப்பு அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், எப்போதாவது வருகிறது. பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டார்கள். என் வட்டம் இப்போது வட்டமாகவே வருகிறது. அந்தத் தம்பியின் வீட்டாருக்கு நான் சொல்வது இதுதான்: ஓடாதீர்கள், உட்கார்ந்து பாருங்கள், எங்கே ஆரம்பிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நர்ஸ் தனத்தின் சாவிக்கொத்தைக் கொண்டு வந்து கொடுத்தாள். டாக்டர் பக்கத்தில் நின்றிருந்தார். “இனிமே இது வேண்டாம்மா. வலிப்பு தானா வரும், தானா நிக்கும். இரும்பு குடுத்தாலும் அவ்வளவுதான், குடுக்கலைன்னாலும் அவ்வளவுதான். நீங்களே பாத்தீங்களே” என்றார்.

தனம் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “கொழந்தைங்களுக்கும் அப்படித்தானா டாக்டர்?”

“எல்லாருக்கும்தான்.”

“ரெண்டு வயசுக் கொழந்தைக்கு?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, நின்றுகொண்டிருந்த அவளை நிமிர்ந்து பார்த்துப் பேசினார்.

“அந்தக் குழந்தைக்கு வந்தது கடுமையான நோய்ம்மா. மூளைக்கே ஜுரம் ஏறியிருக்கும். உங்க கையில அப்போ நூறு சாவி இருந்திருந்தாலும் அவன் பிழைச்சிருக்கமாட்டான். நீங்க தேடினதால எதுவும் ஆகல.”

“நேரமானதால இல்லையா?”

“இல்லம்மா.”

அவர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். தனம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. சாவிக்கொத்து அவள் மடியில் கிடந்தது. என் வீட்டுக்காரர் பணம் கட்டும் இடத்துக்குப் போயிருந்தார். மூட்டை கட்டி வைத்திருந்தோம்.

“அண்ணி, சேகருக்குத் தலையில ரெட்டச் சுழி” என்றாள்.

பிள்ளையின் பெயரை அவள் வாயால் அதற்குமுன் நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை.

“அப்படியா?” என்றேன்.

“தோசன்னு சொல்ல வராது அவனுக்கு. தோத்தம்பான். ஒரு நாளைக்கு நாப்பது தோத்த கேப்பான்.” அவள் வாய் சிரிப்பதற்குக் கோணியது, பழக்கம் விட்டுப்போனதுபோல். “அப்பறம், மழை வந்தா...”

காலையில் போட்ட மாத்திரை கண்ணை இழுத்தது. நான் தூங்கிவிட்டால் அவள் நிறுத்திவிடுவாள் என்று, எழுந்து தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

“மழை வந்தா?” என்று கேட்டேன்.